‘சின்ன வயசுப் பிரச்சினை’ என்று கைகழுவாதீர்கள்: பாதுகாவல் நிறுவன நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

என் தம்பி பாதுகாவல் அதிகாரியாக வேலை பார்க்கும் நிறுவனத்தின் நிர்வாகத்துக்கும், சிங்கப்பூரில் இதே தொழிலை நடத்தும் மற்ற முதலாளிகளுக்கும் மேலாளர்களுக்கும்,

நீங்கள் என் தம்பியை வேலையிலிருந்து நீக்கவில்லை. அதைக் கடிதத்தில் கவனமாகவே எழுதியிருக்கிறீர்கள். எந்த இடத்திலும் எந்த ஷிஃப்டிலும் நிற்க முடியும் என்று மருத்துவர் எழுதிக் கொடுக்கும்வரை சம்பளமில்லா விடுப்பு. அது ஒத்துவராவிட்டால் அவராகவே விலகிக்கொள்ளலாம். இதற்குக் காரணம் என்று ஒரே ஒரு வரி: அவருடைய மனநலப் பாதிப்பு சிறுவயதுக் குடும்பச் சூழலால் வந்தது, வேலையால் வந்தது அல்ல.

அந்த வரிக்காகத்தான் இந்த மடல். ஆங்கிலத்தில் மின்னஞ்சல் அனுப்பிப் பார்த்தேன். கிடைத்தது என்று தானாக வரும் பதிலைத் தவிர வேறு எதுவும் வரவில்லை. நேரில் வந்தபோது உங்கள் மேலாளர் தமிழில்தான் பேசினார். “அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. உங்க தம்பிக்கு இது சின்ன வயசுப் பிரச்சினை. அதுக்குக் கம்பெனி என்ன பண்ணும்?” மரியாதையாகத்தான் சொன்னார், குடிக்கத் தண்ணீரும் கொடுத்தார். ஆனால் இதே பேச்சை வேறு நிறுவனங்களில் வேறு ஆட்களும் கேட்டிருக்கிறார்கள் என்று விசாரித்தபோது தெரிந்தது. அதனால்தான் தமிழிலேயே, எல்லோரும் பார்க்கும்படி எழுதுகிறேன். தம்பி படித்துப் பார்த்துச் சரி சொன்ன பிறகே இது வெளிவருகிறது. அவன் பெயர் இதில் இல்லை. உங்கள் பெயரும் இல்லை.

உங்கள் சம்பவ அறிக்கையில் அன்றைய காலை சில வரிகளில் முடிந்துவிடுகிறது. நடந்தது இது. இரவு ஷிஃப்ட் முடியப்போகும் நேரம். கொண்டோவின் (தனியார் அடுக்குமாடிக் குடியிருப்பு) சரக்கு இறக்கும் லோடிங் பேயில், பின்னால் எடுத்த லாரிக்கும் சுவருக்கும் நடுவே ஒரு வெளிநாட்டு ஊழியர் சிக்கிக்கொண்டார். முதலில் ஓடிப் போனவன் என் தம்பி. கத்தி லாரியை நிறுத்தவைத்தான், முன்னால் எடுக்கவைத்தான், 995க்கு அழைத்தான். ஆம்புலன்ஸ் வரும்வரை ஈரத் தரையில் அவர் பக்கத்திலேயே குனிந்து உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டிருந்தான். தமிழ்நாட்டிலிருந்து வந்த இளைஞர். “வீட்டுக்குச் சொல்லிடாதீங்கண்ணே” என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னாராம். அன்று மாலையே மருத்துவமனையில் இறந்துபோனார்.

போலீசார் தங்கள் வேலையை முடித்துக்கொண்டு போன பிறகு அந்தத் தரையைக் கழுவியது யார் என்று உங்கள் அறிக்கையில் இல்லை. என் தம்பிதான் கழுவினான். குடியிருப்பாளர்கள் புகார் செய்வதற்குள் இடம் சுத்தமாக வேண்டும் என்றார்களாம், துப்புரவு வேலைக்கு அப்போது ஆள் இல்லை. குழாயைப் பிடித்துக் கழுவிவிட்டு, அறிக்கை எழுதிக் கொடுத்துவிட்டு, வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டு, அன்று இரவே அதே இடத்துக்கு வேலைக்கு வந்தான். ஆள் பற்றாக்குறை, வர முடியுமா என்று கேட்டது நீங்கள்தான்.

அதற்கப்புறம் அவன் தூங்கவில்லை. லாரி பின்னால் எடுக்கும்போது வரும் அந்த ‘பீப் பீப்’ சத்தம் ஈரச்சந்தைப் பக்கம் கேட்டாலே பையைக் கீழே போட்டுவிட்டு நின்றுவிடுவான். பலதுறை மருந்தகத்துக்குப் போனான், அங்கிருந்து மனநல மருத்துவரிடம் அனுப்பினார்கள். அதிர்ச்சிக்குப் பிந்தைய மனவுளைச்சல் என்று உறுதிசெய்தார்கள். மருத்துவர் கேட்டது பெரிதாக ஒன்றுமில்லை: சிகிச்சை நடக்கும் சில மாதங்களுக்குப் பகல் ஷிஃப்ட், வேறு இடம். அந்தக் கடிதத்தோடு அவனுடைய பழைய வரலாறு எழுதியிருந்த தாளும் சேர்ந்தே உங்கள் மனிதவளப் பிரிவுக்கு வந்தது. கேட்டதைக் கொடுத்துப் பழகியவன், எல்லாவற்றையும் கொடுத்துவிட்டான். அந்தத் தாளை எடுத்துத்தான் இப்போது அவனுக்கு எதிராகவே நீட்டுகிறீர்கள்.

சரி, அந்தத் தாளில் இருப்பதைப் பேசுவோம்.

எங்கள் அப்பா கப்பல் பட்டறையில் வேலை பார்த்தார். வாடகைக்கு எடுத்த ஓரறை வீடு. அந்தக் காலத்து வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்குகளில் லிஃப்ட் எல்லா மாடியிலும் நிற்காது. எங்கள் மாடிக்கு, லிஃப்ட் நிற்கும் மாடியிலிருந்து படியேறி வர வேண்டும். தம்பிக்கு அப்போது ஆறேழு வயது. அப்பாவின் செருப்புச் சத்தம் படிக்கட்டில் எப்படி வருகிறது என்பதை வைத்தே எவ்வளவு குடித்திருக்கிறார் என்று சொல்லிவிடுவான். ஒரே சீராக வந்தால் சாப்பாட்டை எடுத்து வைக்கலாம். ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் இடையே நின்று நின்று வந்தால் விளக்கை அணைத்துவிட்டு, ரோத்தான் பிரம்பை ஐஸ்பெட்டிக்குப் பின்னால் தள்ளிவிடுவான். சிவப்புப் பிளாஸ்டிக் கைப்பிடி போட்ட, மளிகைக் கடையில் வாங்குகிற அதே ரோத்தான்தான். ரோத்தான் கிடைக்காவிட்டால் பெல்ட். அம்மா குறுக்கே போவார், அவருக்கும் விழும். அந்த வீட்டில் பிள்ளைகள் சாயங்காலம் ஆனால் காதை மட்டும் தீட்டிக்கொண்டு இருந்தார்கள்.

சிறுவயதில் இப்படி வளர்ந்தவர்களைப் பிற்காலத்து அதிர்ச்சி ஆழமாகத் தாக்க வாய்ப்பு அதிகம் என்கிறீர்களா? உண்மைதான். நான் பாலர்பள்ளி ஆசிரியர், இதைப் பயிற்சியிலேயே சொல்லிக்கொடுப்பார்கள். 1998இல் அமெரிக்காவில் ஃபெலிட்டி, ஆண்டா என்ற இரு மருத்துவர்களும் அவர்களுடைய குழுவினரும் வெளியிட்ட ஆய்வு இந்தத் துறையில் எல்லோருக்கும் தெரிந்தது. அடி, மனதைப் புண்படுத்தும் ஏச்சு, வீட்டில் குடி, அம்மா அடிபடுவதைப் பார்ப்பது என்று பல வகைத் துன்பங்களைக் கணக்கெடுத்தார்கள். நான்கோ அதற்கு மேலோ அனுபவித்தவர்களுக்குக் குடிப்பழக்கம், போதைப்பழக்கம், மனச்சோர்வு, தற்கொலை முயற்சி ஆகியவற்றின் அபாயம், எதையும் அனுபவிக்காதவர்களைவிட 4 முதல் 12 மடங்கு அதிகமாக இருந்தது. அதற்கு முன்பே, 1993இல், வேறு ஆய்வாளர்கள் வியட்நாம் போருக்குப் போய்வந்த அமெரிக்க வீரர்களைப் பார்த்திருக்கிறார்கள். அதிர்ச்சிக்குப் பிந்தைய மனவுளைச்சலுக்கு ஆளான வீரர்களில் 26 விழுக்காட்டினர் சிறுவயதில் அடிபட்டவர்கள். ஆளாகாதவர்களில் 7 விழுக்காட்டினர்தான் அப்படி.

உடம்புக்குள் என்ன நடக்கிறது என்பதும் ஓரளவு தெரிந்திருக்கிறது. பயம் வந்தால் உடம்பு கார்ட்டிசால் என்ற சுரப்பைக் கூட்டும், ஆபத்து போனதும் குறைக்கும். தினமும் பயந்தே வளரும் பிள்ளைக்கு அந்த ஏற்ற இறக்கம் சரியாக அமைவதில்லை. 2008இல் அட்லான்டா நகரத்துப் பொது மருத்துவமனை நோயாளிகளிடம் செய்த ஆய்வில், இந்தச் சுரப்பைக் கட்டுப்படுத்துவதில் பங்குள்ள எஃப்கேபிபி5 என்ற மரபணுவைப் பார்த்தார்கள். அதன் சில வகைகளோடு சிறுவயதுக் கொடுமையும் சேர்ந்தவர்களுக்குத்தான் அதிர்ச்சிக்குப் பிந்தைய அறிகுறிகள் கடுமையாக இருந்தன. சிறுவயதுக் கொடுமை அல்லாத மற்ற அதிர்ச்சிகளோடு அந்த மரபணு அப்படிச் சேர்ந்து வேலை செய்யவில்லை. அந்த வயதில் நடப்பதற்குத் தனி எடை இருக்கிறது. இதெல்லாம் எங்கோ தூரத்துச் சங்கதி என்று நினைக்காதீர்கள். தாய் எலி நக்கிச் சீராட்டி வளர்த்த குட்டிகளுக்குப் பதற்றம் குறைவாக இருப்பதைக் காட்டிய கனடாவின் மைக்கல் மீனி, பிறகு சிங்கப்பூரில்தான் ஆய்வு செய்தார். இங்கே 2009இல் தொடங்கிய ‘கஸ்டோ’ ஆய்வு, ஆயிரத்துக்கும் மேற்பட்ட தாய்மார்களையும் அவர்கள் பிள்ளைகளையும் கருவிலிருந்தே தொடர்ந்து கவனித்து வருகிறது.

ஆக, உங்கள் கடிதத்தின் முதல் பாதி அறிவியல்தான். கோளாறு இரண்டாம் பாதியில் இருக்கிறது.

எளிதில் பாதிக்கப்படக்கூடியவன் என்பதும் ஏற்கெனவே நோயாளி என்பதும் வேறு வேறு. பதினைந்து வருடத்துக்கு மேலாக என் தம்பி இந்தத் தொழிலில் இருக்கிறான். இரவு ஷிஃப்ட், பன்னிரண்டு மணி நேரம், எம்சி (மருத்துவ விடுப்பு) எடுப்பதே அபூர்வம். நோய் அப்பாவோடு வந்தது என்றால் அத்தனை வருடம் அது எங்கே போயிருந்தது? சிறுவயதில் அடிபட்டவர்களில் பலருக்கு இந்த நோய் வருவதே இல்லை. நல்ல வீட்டில் வளர்ந்தும் ஒரே ஒரு விபத்தில் நொறுங்கிப்போனவர்களும் உண்டு. அந்த லாரி வராதிருந்தால் அவன் இன்றும் உங்கள் வாசலில் நின்றுகொண்டிருப்பான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இதைச் சொல்லும்போது எனக்குக் கோபம் வருகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். சில வருடங்களுக்கு முன்பு அடித்தளக் கார் நிறுத்துமிடத்தில் மின்சைக்கிள் பேட்டரி புகையத் தொடங்கியபோது, எச்சரிக்கை மணி அடிப்பதற்கு முன்பே போய்ப் பார்த்தது அவன். ஏதோ சின்னச் சத்தம் கேட்டது என்றான். நீங்கள் பாராட்டுச் சான்றிதழ் கொடுத்தீர்கள், படம் எடுத்தீர்கள். அது அவன் வீட்டுச் சுவரில் தொங்குகிறது. அந்தக் காது எங்கே பழகியது என்று நினைக்கிறீர்கள்? ஓரறை வீட்டின் இருட்டில், படிக்கட்டைக் கேட்டுக்கொண்டிருந்த காது அது. அவனுடைய சிறுவயதால் உங்களுக்கு லாபம் வந்தவரை அது அவனுடைய திறமை. செலவு வந்ததும் அவனுடைய குறையாகிவிட்டது.

“நீங்களும் அதே வீட்டில்தானே வளர்ந்தீங்க, நல்லாத்தானே இருக்கீங்க” என்றும் உங்கள் மேலாளர் கேட்டார். நான் அதே வீட்டில் வளரவில்லை. எட்டு வயதில் என்னைப் பெரியம்மா ஈசூன் பக்கம் தன் வீட்டுக்கு அழைத்துப்போய்விட்டார். பொம்பளைப் பிள்ளை, அங்கே இருக்க வேண்டாம் என்று அம்மாதான் அனுப்பினார். பெரியம்மா வீட்டில் இரவில் யாரும் கத்தவில்லை. பள்ளியில் என்ன நடந்தது என்று கேட்க ஓர் ஆள் இருந்தார், காய்ச்சல் வந்தால் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். நிலையான ஒரே ஒரு பெரியவர் கூட இருந்தால் பிள்ளையின் உடம்பு இந்த அழுத்தத்தைத் தாங்க வாய்ப்பு அதிகம் என்று ஆய்வாளர்கள் சொல்வது என் வீட்டு விஷயம். தம்பியை அங்கேயே விட்டுவிட்டார்கள். எனக்கும் அவனுக்கும் உள்ள வித்தியாசம் மனவுறுதி அல்ல.

அதே கொண்டோவில் அன்று வேலையில் இருந்த மற்ற அதிகாரி நன்றாக இருக்கிறாரே என்றும் கடிதத்தில் இருக்கிறது. அவர் வாசலில் நின்று ஆம்புலன்ஸுக்குத் தடுப்பைத் திறந்துவிட்டவர். அவர் நன்றாக இருக்கிறாரா என்று நீங்கள் ஒரு தடவையாவது கேட்டீர்களா?

இந்த மடலில் நீங்கள் ஒரு பத்தியை மட்டும்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள். அதிர்ச்சிக்குப் பிந்தைய மனவுளைச்சல் யாருக்கு வருகிறது, ஏன் வருகிறது என்று அதுவரை வந்த ஆய்வுகளை எல்லாம் திரட்டி 2000ஆம் ஆண்டில் பிரூவின் என்ற ஆய்வாளரும் அவர் குழுவினரும் பார்த்தார்கள். சிறுவயதுக் கொடுமையும் பட்டியலில் இருந்தது. ஆனால் சம்பவத்துக்கு முந்தைய காரணங்களைவிடச் சற்றுக் கூடுதலாக எடை இருந்தது சம்பவத்தின் கடுமைக்கும், அதற்குப் பிறகு நடந்தவற்றுக்கும்தான்: ஆதரவு கிடைக்காதது, வாழ்க்கையில் மேலும் நெருக்கடி சேர்வது. அதாவது தரையைக் கழுவச் சொன்னது. அன்றிரவே வரச் சொன்னது. சம்பளத்தை நிறுத்தியது. வாட்ஸ்அப்பில் 1771 என்ற மனநல உதவி எண்ணை அனுப்பிவிட்டு அத்துடன் முடித்துக்கொண்டது. எங்கள் அப்பா செய்ததை யாராலும் இனி மாற்ற முடியாது, அவரே போய்ச் சேர்ந்துவிட்டார். நீங்கள் செய்ததை நீங்கள் மாற்றலாம்.

நான் வழக்குப் போட வரவில்லை, வழக்கறிஞரும் இல்லை. ஆனாலும் நம் சட்டம் பிறந்த ஆங்கிலேயச் சட்டத்தில் 1901ஆம் ஆண்டுத் தீர்ப்பு ஒன்று இருக்கிறது. அலட்சியத்தால் ஒருவரைக் காயப்படுத்திவிட்டு, அவருடைய மண்டையோடு வழக்கத்துக்கு மாறாக மெல்லியதாக இருந்ததே என்று சொல்லித் தப்ப முடியாது என்றார் நீதிபதி. சட்ட மாணவர்கள் இன்றும் அதைப் படிக்கிறார்கள். நம் நாட்டிலேயே, வேலையிட மனநலம் குறித்த முத்தரப்பு வழிகாட்டி 2020 நவம்பரில் வந்துவிட்டது. 2025 ஜனவரியில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய வேலையிட நியாயத்தன்மைச் சட்டம், மனநலப் பாதிப்பைக் காரணம் காட்டிப் பாரபட்சம் பார்க்கக் கூடாது என்கிறது. அது நடப்புக்கு வரும் நாளைக் கணக்குப் பார்த்துக் காத்திருக்கப் போகிறீர்களா என்பது உங்கள் விருப்பம்.

ஒரு பயமும் இருக்கிறது. இதைப் படித்துவிட்டு, இனி வேலைக்கு எடுக்கும்போதே சிறுவயதைப் பற்றி விசாரித்துவிடலாம் என்று யாராவது கிளம்பிவிடக் கூடாது. மனநலக் கழகம் 2016இல் எடுத்த தேசிய ஆய்வில், சிங்கப்பூரில் உள்ள பெரியவர்களில் பத்தில் ஆறு பேருக்கு மேல் ஏதாவது ஒரு சிறுவயதுத் துன்பத்தையாவது அனுபவித்ததாகச் சொல்லியிருக்கிறார்கள். அவர்களை எல்லாம் கழித்துவிட்டால் உங்கள் இரவு ஷிஃப்டுக்கு ஆள் எங்கிருந்து வரும்? உங்கள் அலுவலகத்திலும் யார் மிஞ்சுவார்கள்?

என் கோரிக்கைகள் இவை. என் தம்பிக்கு எழுதிய கடிதத்தில் உள்ள அந்த ஒரு வரியை எழுத்துமூலம் திரும்பப் பெறுங்கள். மருத்துவர் கேட்ட பகல் ஷிஃப்டையும் வேறு இடத்தையும் கொடுத்து அவனை வேலைக்குக் கூப்பிடுங்கள்; தொடக்கத்தில் வாரத்துக்குச் சில நாள்கள் போதும். அவனிடம் எம்சி இருந்த நாள்களையும் சம்பளமில்லா விடுப்பில் சேர்த்திருக்கிறீர்கள், அந்தப் பணத்தைக் கொடுங்கள். அவனுடைய சிறுவயது வரலாறு எழுதிய தாளைக் கோப்பிலிருந்து எடுத்துத் திருப்பித் தாருங்கள், யார் யார் அதைப் படித்தார்கள் என்றும் சொல்லுங்கள். வேலைக்கு வர முடியுமா, என்ன வேலை கொடுக்கக் கூடாது, எத்தனை நாளுக்கு, இவ்வளவுதான் ஒரு மனிதவளப் பிரிவுக்குத் தெரிய வேண்டியது.

மற்ற நிறுவனங்களிடம் கேட்பது: மரணத்தையோ கொடிய விபத்தையோ நேரில் பார்த்த அதிகாரியை அன்றே அதே இடத்தில் நிறுத்தாதீர்கள். ரத்தத்தைக் கழுவும் வேலையை அவரிடம் கொடுக்கவே கொடுக்காதீர்கள். சில நாள் சம்பளத்தோடு ஓய்வு கொடுங்கள். போலீசாருக்கும் குடிமைத் தற்காப்புப் படையினருக்கும் உளவியலாளர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு முன்னால் அந்த இடத்துக்கு ஓடுகிற உங்கள் ஆட்களுக்கு யாருமில்லை. ஆனால் எல்லோரையும் ஓர் அறையில் உட்காரவைத்து நடந்ததைச் சொல் சொல் என்று கேட்கும் ஒருநாள் கூட்டமும் வேண்டாம். அப்படிக் கட்டாயப்படுத்திப் பேசவைப்பது கூடாது என்று உலகச் சுகாதார நிறுவனமே சொல்கிறது. சாப்பிட்டாரா, வீட்டுக்கு எப்படிப் போவார், யார் கூட இருக்கிறார்கள் என்று கேளுங்கள். ஒரு மாதம் கழித்து மறுபடி கேளுங்கள், ஏனென்றால் அப்போதுதான் பலருக்கு நோய் பிடிபடுகிறது. கொண்டோ நிர்வாக மன்றங்களுக்கும் ஒரு வார்த்தை: பாதுகாவல் குத்தகையை மலிவான விலைக்கு விடும்போது இந்தச் செலவையும் அதில் சேர்த்துக் கேளுங்கள்.

என் தம்பியின் நிறுவனத்திடம் இந்த மாத இறுதிக்குள் எழுத்துமூலம் பதில் எதிர்பார்க்கிறேன். தமிழிலோ ஆங்கிலத்திலோ எழுதி என் மின்னஞ்சலுக்கு அனுப்புங்கள், முகவரி உங்களிடம் இருக்கிறது. அவனுடைய கைப்பேசிக்கு இரவில் அழைத்து, முடிவு என்ன என்று கேட்பதை இன்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
ஒரு பாதுகாவல் அதிகாரியின் அக்கா